இரண்டாம் எண்

பாடாங் கோத்தா ஓரம் லோரியை நிறுத்தும்போது
மணி ஐந்தரை. கடலுக்கு இன்னும் நிறம் வரவில்லை.
தாங்கியில் பதினொரு சைக்கிள் நிற்க வேண்டும்,
நான்குதான் நிற்கிறது.
மீதி எங்கே என்று கைப்பேசி சொல்லும்:
ஒன்று கர்னியில் மணலில் படுத்திருக்கிறது,
ஒன்று ஜெட்டிப் பலகைமேல்,
ஒன்று இந்த இருட்டிலும்
பாலத்துப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது.

எடுத்தது யாரென்று எனக்குக் காட்டமாட்டார்கள்.
வண்டி எண் வரும், நேரம் வரும்.
ஆளைக் காட்டுவது இருக்கைதான்.
அதன் தண்டில் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை
எண் பொறித்திருக்கும்.

எட்டு என்றால் வெள்ளைக்காரப் பயணி;
ஒரு கையால் சுவரோவியத்தைப் படம் பிடித்தபடி
மறு கையால் பிரேக்கைத் தேடியவர்.
ஐந்து, கல்லூரிப் பையன்கள். கூடையில் நசுங்கிய மைலோ பெட்டி.
ஞாயிற்றுக்கிழமை எல்லா எண்ணும் கலந்து கிடக்கும்,
ஞாயிற்றுக்கிழமையை நான் நம்புவதில்லை.

இரண்டு மட்டும் ஒரே ஆள்.

முதல் அரைமணிக்குக் காசில்லை அல்லவா?
பாடாங் கோத்தாவில் எடுத்து
இருபத்தெட்டாம் நிமிடம் ஜெலுத்தோங்கில் பூட்டி,
வேறொன்று எடுத்து குவீன்ஸ்பேயில் பூட்டி,
மூன்றாவதை பாயான் லெப்பாஸில் விட்டுவிட்டு
தொழிற்சாலைக்குள் போய்விடும் இரண்டு.
கூடையில் ஒருநாள் நீல வலைத்தொப்பி கிடந்தது.
மாதம் முழுக்க ஒரு சென் கொடுத்ததில்லை.
நான் பின்னால் லோரியில் வருவேன்,
கடலோரம் நெடுக மூன்று இருக்கைகள்
தாழ்ந்து நிற்கும், இன்னும் பனி படியாமல்.

பாதைக்கு அப்போது வெறும் வெள்ளைக்கோடு.
கோடு போட்டார்கள்,
கோட்டின்மேல் கார் நிறுத்தினார்கள்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஜெலுத்தோங்குக்கு முந்தின வளைவில்
முன்சக்கரம் எட்டாக மடங்கி ஒரு வண்டி.
இருக்கை இரண்டில்.
கைப்பிடியில் திசுத்தாள் சுற்றியிருந்தது.
பிரித்துப் பார்க்கவில்லை.

படிவத்தில் இரண்டே கட்டம்:
பயனர் கவனக்குறைவு. பிற.
‘பிற’வில் கோடிட்டு எழுதினேன்:
வெள்ளை மைவி, சைக்கிள் பாதையில், விளக்கில்லாமல்.
மேற்பார்வையாளர் ஃபைருஸ் கேட்டார்,
நீ பார்த்தாயா?
பார்க்கவில்லை. கண்ணாடித் துண்டும்
வெள்ளைப் பெயின்ட் சிராய்ப்பும் பார்த்தேன்.
அது போதாது தவநேசா என்றார்.
அழிக்கச் சொல்லவுமில்லை.

பிறகு நாற்பது நாள் இரண்டு வரவில்லை.
ஒருநாள் நானே பாடாங் கோத்தாவில்
ஓர் இருக்கையை இரண்டுக்கு இறக்கி வைத்தேன்.
மாலையில் பார்த்தால்
யாரோ ஏழுக்கு ஏற்றியிருந்தார்கள்.

மே மாதம் ஊராட்சி ஆட்கள் வந்து
ஜெலுத்தோங் வளைவில் ரப்பர் தூண்கள் நட்டார்கள்.
நீளம் நானே நடந்து அளந்தேன், அறுபத்திரண்டு அடி.
அதற்கு அப்பால் பழைய கோடு, பழைய கார்கள்.
என் ‘பிற’வுக்காக நட்டிருக்கமாட்டார்கள்.
நடும்போது நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
தே தாரிக் ஆறிப்போகும்வரை.

இன்று ஜெலுத்தோங்கில் ஓர் இருக்கை நான்கில்.
குவீன்ஸ்பேயில் ஒன்று நான்கில்.
யாரோ புதுசு என்று துடைத்துவிட்டு நகர்ந்தேன்.
பாயான் லெப்பாஸிலும் நான்கு.
திரும்பும் வழியில் குளுகோரில்,
யாரும் இறங்காத அந்த நிறுத்தத்தில்,
இன்னொன்று. அதுவும் நான்கு.

எனக்கும் பந்தாட்டத்தில் முட்டி போனது ஒரு வருஷம்.
வைத்தியர் சொன்னார்,
சைக்கிளில் இருக்கையை உயர்த்திக்கொள்,
கால் அதிகம் மடங்காது.

முன்பு மூன்று வண்டியில் போன தூரம்
இப்போது நான்கு வண்டி.
இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தேழு,
கடைசி மட்டும் முப்பத்தொன்று.
ஒரு நிமிடத்துக்கு ஒரு வெள்ளி பிடித்திருக்கிறார்கள்.

குளுகோர் வண்டியின் கவ்வியில் துரு.
எண்ணெய் விட்டு, தளர்த்தி, இறுக்கினேன்.
நான்கிலேயே.